விழத் தெரிந்தவர்கள்

பெயர்: இராஜாங்கம். வயது: 61. த/பெ: பக்கிரிசாமி. முகவரி: வடக்குத் தெரு, மேலப்பூவிளாகம் கிராமம், குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம். தொழில்: அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்று, தற்சமயம் விவசாயம்.

நான் மேலே கண்ட முகவரியில் என் மனைவி அம்சம், வயது 55, என்பவருடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் தமிழ்நிலா திருமணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறார். சென்ற வாரம் எங்கள் ஊர் வாய்க்கால் கரைச் சாலையில், அதே ஊரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை மதுரம் என்பவரின் கழுத்துச் சங்கிலி பறிக்கப்பட்டது சம்பந்தமாகவும், பறித்த நபர், தான் வழி கேட்டதாகவும் என் மனைவி காரணமில்லாமல் தன்னைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்து எலும்பை முறித்துவிட்டதாகவும் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துள்ள புகார் சம்பந்தமாகவும், நடந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

என் மனைவிக்கு இந்த வித்தை எப்படித் தெரியும் என்று சார்பு ஆய்வாளர் வானதி அவர்கள் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் குறுவை நடவு சமயத்தில் என் மனைவி கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தார். விழும்போது கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. எலும்பு பலவீனமாக இருப்பதும், சர்க்கரை இருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது. அரசு மருத்துவமனை டாக்டர் உடம்புக்குப் பயிற்சி வேண்டும் என்றும், இன்னொரு தடவை விழக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். என் மனைவி பயிற்சி என்றதை விட்டுவிட்டு, விழக் கூடாது என்றதை மட்டும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு வரப்பில் நடக்கமாட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க என்னைக் கூப்பிடுவார். ஊரிலேயே வேகமாக நடவு நட்டவர் அவர்.

அதன் பிறகு பேராவூரணிப் பக்கத்தைச் சேர்ந்த மதிவதனி, வயது 27, என்பவர் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியையாக மாறுதலில் வந்தார். கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் ஜூடோ ஆடியவர். அவர் மூடிக் கிடக்கும் ரைஸ் மில்லின் கொட்டகையைக் கேட்டு வாங்கி, சனி ஞாயிறு காலைகளில் பெண்களுக்கு ஜூடோ வகுப்பு ஆரம்பித்தார். கல்லூரிப் பெண்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். வந்தவர்கள் பெரும்பாலும் முட்டிவலிக்காரர்கள். தரையில் போட மெத்தை இல்லாததால் என்னிடம் வைக்கோல் கேட்டார். நான் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனபோது என் மனைவியும் கூட வந்தார். வைக்கோலைப் பரப்பி மேலே தார்ப்பாய் விரித்ததும், மதிவதனி அதில் மல்லாக்க விழுந்து காட்டினார். எழுந்தார், மறுபடியும் விழுந்தார்.

என் மனைவி, “ஏம்மா, வேணும்னே விழுறியா?” என்று கேட்டார்.

அதற்கு மதிவதனி, “ஆமாம்மா. விழாம யாராலயும் இருக்க முடியாது. அடிபடாம விழலாம். அதத்தான் மொதல்ல சொல்லித் தருவேன்” என்றார். என் மனைவி அங்கேயே பெயர் கொடுத்தார்.

முதல் மழைக்காலம் முழுவதும் விழுவதைத் தவிர வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், முதுகைச் சட்டி மாதிரி வளைக்க வேண்டும், கையை ஊன்றாமல் உள்ளங்கையோடு முழங்கை வரை தரையில் ஓங்கி அறைய வேண்டும். அப்படி அறைந்தால் அடி உடம்புக்குள் போகாமல் தரைக்குப் போய்விடும் என்று என் மனைவி எனக்கு விளக்கினார். ரைஸ் மில் பக்கம் போகிறவர்களுக்குப் பட்டாசு வெடிக்கிற மாதிரி கேட்கும்.

அதன் பிறகு வகுப்பில் ஜோடி சேர்த்தார்கள். என் மனைவிக்கு ஜோடியாக வந்தவர்தான் மேலே சொன்ன மதுரம், வயது 60. இவர் எங்கள் ஊர் பழைய மிராசுதார் வீட்டு மருமகள். கணவர் கல்யாணம் என்பவர் காலமாகிவிட்டார். மகன் வெங்கட்ராகவன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மதுரம் அவர்களின் மாமனார் நிலத்தில் என் மாமியாரும், சிறு வயதில் என் மனைவியும் நடவு நட்டிருக்கிறார்கள். ஜூடோவில் ஒருவர் காலரையும் சட்டைக் கையையும் மற்றவர் பிடித்தால்தான் எதையும் ஆரம்பிக்க முடியும். இரண்டு பேருக்கும் எடை ஒத்துப்போனதால் மதிவதனி எதிரெதிரே நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் கையைத் தூக்கியபடியே நின்றார்களாம். கடைசியில் மதுரம் அவர்கள், “பிடிங்க அம்சம், எவ்வளவு நேரம் கையை நீட்டிண்டு நிக்கறது” என்று சொன்னதாகவும், இவர் பிடித்ததாகவும், பிடித்த வேகத்தில் இரண்டு பேருமே விழுந்ததாகவும் என் மனைவி வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வகுப்புக்கான மேல்சட்டைகளைக் குடவாசலில் தையல் கடை வைத்திருக்கும் ஃபாஜில் என்பவர் தடித்த காடாத் துணியில் தைத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தையல்.

பிடிகளுக்கு இருக்கும் ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். எதிராளியை இடுப்பில் ஏற்றி முன்பக்கமாக இறக்குவதற்கு ‘மூட்டை இறக்கு’ என்று பெயர். கீழே கிடப்பவரின் கழுத்துக்குப் பின்னால் கையைத் துண்டு மாதிரி சுற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சின் மேல் சாய்ந்து எழுந்திருக்க விடாமல் வைப்பதற்கு ‘துண்டுப் பிடி’ என்று பெயர். எந்தப் பிடியில் இருந்தாலும், கீழே இருப்பவர் வலிக்கிறது என்றால் தரையிலோ பிடித்தவர் மேலோ உள்ளங்கையால் தட்டலாம். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இது வகுப்பில் மீறவே கூடாத சட்டம். பின்னால் வருகிற சம்பவத்துக்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

வாரம் இரண்டு நாள் பயிற்சி போதவில்லை என்று என் மனைவி வீட்டுக் கூடத்தில் மெத்தையையும் ஜமுக்காளத்தையும் விரித்து என்மேல் பழகினார். நான் பேருந்து ஓட்டிய காலத்தில் வந்த முதுகுவலியைக் காரணம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆகவே மேற்படி மூட்டை இறக்கு, துண்டுப் பிடி இரண்டையும் நான் வெளியில் இருந்து பார்த்தவன் மட்டும் அல்ல, உள்ளே இருந்தும் அறிந்தவன். ஒரு நாள் மாலை சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அகிலாண்டம் ஓடி வந்து, நான் கீழேயும் என் மனைவி மேலேயும் இருப்பதைப் பார்த்து, “இந்த வயசுல என்னாத்துக்கு அடிச்சுக்கிறீங்க, பேசித் தீத்துக்கலாம்ல” என்றார். அடுத்த சனிக்கிழமை அவரும் வகுப்புக்குப் போனார்.

அதற்கு முன்பெல்லாம் பகல் வெளிச்சத்தில் என் மனைவி என் தோளைத் தொட்டதாக எனக்கு நினைவு இல்லை.

உடம்பு எப்படி என்று கேட்டதற்குச் சொல்கிறேன். என் மனைவிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறார். படுத்தால் தூங்குகிறார். இந்தச் சம்பாவுக்கு அவரே வயலில் இறங்கி நட்டார், வரப்பில் கூடையோடு நடந்தார். எனக்கும் முதுகுவலி போய்விட்டது. வகுப்புக்குப் போகாமலே போனது.

இனி சம்பவம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாய்க்கால் கரைச் சாலையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தேன். சாலையின் வடபுறம் பாதிக்குத் தார்ப்பாய் விரித்து நெல்லைக் கனமாகப் பரப்பி, காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து என் மனைவியும் மதுரம் அவர்களும் காடாத் துணிச் சட்டையோடு ரைஸ் மில் பக்கமிருந்து பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கறுப்பு நிற பைக்கில் இரண்டு பேர் வந்து அவர்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் இருந்த நபர், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், இறங்கி வந்து, “அம்மா, ரேஷன் கடை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். மதுரம் அவர்கள் திரும்பிக் கையை நீட்டி வழி காட்டினார். அந்த நேரத்தில் அந்த நபர் அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். சங்கிலி அறுந்தது. மதுரம் அவர்களை மார்பில் கை வைத்துத் தள்ளினார். மதுரம் அவர்கள் மல்லாக்கத் தார்ச் சாலையில் விழுந்தார்.

அவர் விழுந்ததைப் பார்த்து எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் பட்டாசு மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் சாலையை அறைந்திருந்தார். தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. தலை தரையில் படவே இல்லை. உருண்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அதன் பிறகு அந்த நபர் பைக்கை நோக்கித் திரும்ப, என் மனைவி அவருடைய சட்டைக் கையையும் காலரையும் பிடித்தார். அந்த நபர் முழங்கையால் என் மனைவியின் கன்னத்தில் இடித்தார். என் மனைவி விடாமல் உள்ளே திரும்பி, அவரை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட்டார். அதாவது மேலே சொன்ன மூட்டை இறக்கு. ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். என் மனைவி நின்ற இடத்தில் ஒரு பக்கம் தார்ச் சாலை, ஒரு பக்கம் நெல். தார்ப் பக்கம் போடுவதுதான் அவருக்கு அப்போது எளிது. அவர் ஒரு எட்டு கூடுதலாகத் திரும்பி நெல் பக்கம் போட்டார். ஏன் அப்படித் திரும்பினாய் என்று நான் அன்றைக்கே கேட்டதற்கு, “ரோட்டுல போட்டா மண்டை போயிரும்ல, யார் பெத்த புள்ளையோ” என்றார். அந்த நபருக்கு நெல்லில் விழுந்ததில் காயம் ஏதும் இல்லை. என் நெல்தான் சிதறியது.

அதன் பிறகு என் மனைவி அவரைத் துண்டுப் பிடியில் வைத்தார். பைக்கில் இருந்தவர் கூட்டாளியை எழுந்து வரச்சொல்லிக் கத்தினார். நான் “திருடன், திருடன்” என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கீழே கிடந்த நபர் எழுந்திருக்க முடியாத ஆத்திரத்தில் தார்ப்பாயில் படபடவென்று உள்ளங்கையால் அடித்தார்.

என் மனைவி உடனே பிடியை விட்டுவிட்டார்.

விட்டதோடு, வகுப்பில் செய்கிற மாதிரி எழுந்து ஒதுங்கி நின்று, அவருக்கு லேசாகத் தலையும் குனிந்தார். அந்த நபருக்கே ஒன்றும் புரியவில்லை, நெல்லில் உட்கார்ந்தபடி என் மனைவியைப் பார்த்தார். பிறகு புரிந்து எழுந்து ஓடினார். நான், “அம்சம், ஏன் விட்ட?” என்று கத்த, என் மனைவி, “தட்டிட்டாருங்க!” என்று பதில் கத்தினார்.

அந்த நபர் ஓடிய வழியில் மதுரம் அவர்கள் எழுந்து நின்றிருந்தார். அவர் கையை நீட்டவில்லை, சத்தம் போடவில்லை. அந்த நபர் பக்கத்தில் வந்தபோது, வந்துகொண்டிருந்த காலின் கணுக்காலைத் தன் பாதத்தால் பக்கவாட்டில் தட்டிவிட்டார். இதுவும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அந்த நபர் வாய்க்கால் கரை ஓரத்து மண்ணில், கையை முன்னால் ஊன்றி விழுந்தார். அப்போதுதான் அவர் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. கையை நீட்டி ஊன்றி விழுகிறவர்களுக்கு அந்த எலும்பு முறிவது உண்டு என்று மருத்துவமனை டாக்டர் என் முன்னிலையில் சொன்னார். அறுபது வயதுக்காரர் தார்ச் சாலையில் விழுந்து கண்ணாடியைச் சரிசெய்கிறார், இருபத்தைந்து வயதுக்காரர் மண்ணில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிறார். ஆகவே கழுத்தை நெரித்ததாகவும், எலும்பை முறித்ததாகவும் என் மனைவிமேல் சொல்வது உண்மை அல்ல.

அதன் பிறகு அந்த நபர் திரும்பவும் எழப் பார்க்க, என் மனைவி ஓடிப்போய், “மதுரம், அந்தக் கைய பிடி!” என்றார். மதுரம் அவர்கள், “இவன் தட்டினா விடாதடி!” என்று சொல்லிக்கொண்டே பிடித்தார். அதுவரையில் என் மனைவி மதுரம் அவர்களை ‘டீச்சர்’ என்று தவிர வேறு விதமாக அழைத்து நான் கேட்டதில்லை. மதுரம் அவர்களும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். இப்போது எப்படி என்றால், அன்றிலிருந்து ‘வாடி, போடி’தான்.

அந்த நபர் வலியில் முனகி, “எலும்பு போச்சும்மா” என்றதும் இரண்டு பேரும் பிடியைத் தளர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். என் மனைவி என் தோளில் இருந்த துண்டை வாங்கி அந்தக் கையைக் கழுத்தோடு தூளி மாதிரி கட்டினார். நான் கொண்டுவந்திருந்த கேனில் இருந்து தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அந்த நபர் இதையும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நான் முதலில் காவல் நிலையத்துக்கும், அடுத்து மதிவதனிக்கும் போன் செய்தேன்.

காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் வருவதற்குள் மதிவதனி ஸ்கூட்டியில் வந்தார். வந்ததும் மதுரம் அவர்களின் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார், என் மனைவியின் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தார், அந்த நபரின் கைக்கட்டைச் சரிசெய்தார். அதன் பிறகு இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார்.

“சங்கிலி போனா போகட்டும், கத்திக்கிட்டு ஓடி வந்துருங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? அவன் கையில கத்தி இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

என் மனைவி தலையைக் குனிந்து, “சங்கிலிக்காக இல்லைங்க மேடம். இவளத் தள்ளிவிட்டான்ல” என்றார்.

மதிவதனி அவர் கன்னத்தை மறுபடியும் பார்த்தார். அதன் பிறகு, “தட்டுனதும் விட்டுட்டீங்களாமே?” என்று கேட்டார். என் மனைவி, “ஆமாங்க மேடம், பழக்கம்” என்றார். மதிவதனி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். மதுரம் அவர்கள் சிரிக்க, என் மனைவி சிரிக்க, வந்திருந்த அகிலாண்டமும் தெருக்காரர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

அதன் பிறகு அந்த நபரைக் காவலர்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மதுரம் அவர்களுக்கும் என் மனைவிக்கும் அங்கேயே பரிசோதனை நடந்தது. மதுரம் அவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் எங்கேயும் முறிவு இல்லை, உள்ளங்கை மட்டும் சிவந்திருந்தது. அங்கே இருந்தபோது மகன் வெங்கட்ராகவன் போனில் பேசினார். போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது. “போதும்மா, தனியா இருந்தது போதும். நாளைக்கே வந்து கூட்டிண்டு போறேன்” என்றார். அதற்கு மதுரம் அவர்கள், “எனக்கு ஒண்ணும் ஆகலைடா. நீ வரதுன்னா வா, வந்து ஒரு கிளாஸைப் பாரு. சனிக்கிழமை காலம்பற வந்துடு” என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் காபி இருக்கிறதா என்று கேட்டார்.

அறுந்த சங்கிலியில் ஒரு துண்டு மதுரம் அவர்களின் சட்டைக்குள் இருந்தது. மறு துண்டு அந்த நபர் விழுந்தபோது நெல்லில் சிதறிவிட்டது. அன்று மதியம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் முறத்தோடு வந்து உட்கார்ந்து அவ்வளவு நெல்லையும் புடைத்துத் தேடி எடுத்தார்கள். அதை அன்றைக்கே இங்கே கொண்டுவந்து ஒப்படைத்துள்ளோம். அந்த நெல்லில் இப்போது பதரும் இல்லை, கல்லும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த நபர் என் மனைவிமேல் புகார் கொடுத்திருப்பதாகவும், விசாரணைக்கு வர வேண்டும் என்றும் தகவல் வந்தது. என் மனைவி தைரியமாகத்தான் இருந்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மகள் தமிழ்நிலா போனில் அழுதார். இன்று காலை நான், என் மனைவி, மதுரம் அவர்கள் மூவரும் நிலையத்துக்கு வந்தோம். அவர்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார, என்னை உள்ளே விசாரித்தார்கள்.

துண்டுப் பிடியில் மூச்சு விட முடியுமா என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்டார். முடியும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். நான் அந்தப் பிடியில் கிடந்தபடியே டிவியில் செய்தி கேட்டிருக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த தலைமைக் காவலர் நம்பவில்லை. செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். நிலையத்தில் இருந்த பாயை விரித்து நான் படுத்துக்கொண்டேன். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, “ஏங்க, சாப்பிட்ட உடனே வேணாம், வயித்தக் கலக்கும்” என்றார். சாப்பிட்டு நேரமாகிவிட்டது என்றேன். அதன் பிறகு என் மனைவி துண்டுப் பிடி போட்டார். சார்பு ஆய்வாளர் அவர்கள் பக்கத்தில் குனிந்து என் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்க, நான் கிடந்தபடியே தெளிவாகப் பதில் சொன்னேன். எழுந்திருங்கள் என்றார், முயன்றேன், முடியவில்லை. நான் தரையைத் தட்ட, என் மனைவி விட்டுவிட்டுத் தலை குனிந்தார். பெஞ்சில் இருந்த மதுரம் அவர்கள் வாசலில் வந்து நின்று, “அம்சம், இடது முட்டி தள்ளியிருந்துது” என்றார்.

அதன் பிறகு சார்பு ஆய்வாளர் அவர்களுக்குப் போன் வந்தது. பைக்கில் தப்பிப் போன மற்றொரு நபர் மயிலாடுதுறையில் வண்டியோடு பிடிபட்டார் என்றும், சங்கிலி பறிக்கத்தான் இருவரும் வந்ததாக ஒப்புக்கொண்டார் என்றும் தெரிவித்தார்கள். ஆகவே என் மனைவிமேல் வழக்கு எதுவும் இல்லை என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் எங்கள் மூவரிடமும் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மதுரம் அவர்களும் என் மனைவியும் எதிரெதிரே நின்று, வகுப்பில் பிடிக்கிற மாதிரி ஒருவர் தோளையும் கையையும் ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தலைமைக் காவலர், “இங்க வேணாம்மா, இங்க வேணாம்” என்று எழுந்து வந்தார். அவர்கள் எதுவும் செய்யவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சம்பவத்தைப் பற்றிய இடத்தில் தலைமைக் காவலர், ‘என் மனைவி பயத்தில் அந்த நபரைத் தள்ளிவிட்டார்’ என்று எழுதியிருந்தார். அதைத் திருத்தும்படி கேட்டேன். சார்பு ஆய்வாளர் அவர்கள், “பயத்துலன்னு இருந்தா உங்க மனைவிக்கு நல்லதுதானே ஐயா, அப்படியே இருக்கட்டுமே” என்றார்.

“கேஸே இல்லேன்னுட்டீங்க மேடம், அப்புறம் என்னங்க. அவ தள்ளல, தூக்கிப் போட்டா. பயப்படவும் இல்ல. அந்த எடத்துல பயந்தது நான் ஒருத்தன்தான். வேணும்னா அத எழுதிக்குங்க” என்று சொன்னேன்.

அதன்படி ‘பயத்தில் தள்ளிவிட்டார்’ என்பது அடிக்கப்பட்டு ‘தூக்கிப் போட்டார்’ என்று எழுதப்பட்டது. சம்பவத்தின்போது நான் பயந்தேன் என்பதும் என் விருப்பப்படி சேர்க்கப்பட்டது.

மேலே உள்ளது அத்தனையும் நான் கண்ணால் கண்டு வாயால் சொன்னது. இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, மறைத்ததும் இல்லை. திருத்திய இடத்திலும் கீழேயும் என் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ப. இராஜாங்கம்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டு, படித்துக் காட்டி, கேட்டுக்கொண்டபடி திருத்தப்பட்டது.

(ஒப்பம்) வானதி, சார்பு ஆய்வாளர்